காத்து இந்த அடி அடிக்குது, காத்தாடில பாதி ஏன் சும்மா நிக்குது?

புளியரை செக்போஸ்ட்:

வணக்கம் மக்களே. நமக்கு ஊரு செங்கோட்டை தாண்டி கேரளா பார்டர் ஓரம். சாரல் சீசன் தொடங்கிட்டு, ஆரியங்காவு கணவா வழியா வாற காத்துல பைக்க நேரா பிடிச்சு ஓட்ட முடியல, தொழுவத்து மேல போட்டிருந்த தகரம் ஒண்ணு பிச்சுக்கிட்டு போய் அடுத்த வயல்ல கெடக்கு. அது கெடக்கட்டும், நான் கேக்க வந்தது வேற.

டெய்லி சுரண்டை பக்கம் வேலைக்கு போறேன், வழி பூரா கரண்டு எடுக்குற காத்தாடி. இந்த அடி அடிக்கிற காத்துல ஒரு வரிசைல பத்து இருந்தா அதுல நாலஞ்சு அசையாம நிக்குது, பக்கத்துல உள்ளது சுத்துது இது நிக்குது, ரெண்டுக்கும் ஒரே காத்துதானே? சுத்துறதும் என்னமோ தூங்கி வழிஞ்சுக்கிட்டு சுத்துது, பெருசு ஒண்ண எண்ணிப் பாத்தா நிமிஷத்துக்கு பதினஞ்சு சுத்து, இதுல எங்கேந்து கரண்டு வரும்? எங்க மச்சான் புனலூர் பக்கம் ரப்பர் தோட்டத்துல இருக்காரு, அவர் என்னன்னா அதெல்லாம் ஈபி கரண்டு குடுத்துதான் சுத்த விடுதாங்க, மில்லுக்காரங்க இன்கம்டாக்ஸ் மிச்சம் பிடிக்க வச்ச பொம்மைன்னு அடிச்சு சொல்லுதாரு. யாராவது விவரம் தெரிஞ்சவங்க எனக்கு விளங்குற மாதிரி சொல்லுங்க. பார்முலா வேண்டாம், நான் பத்தாவதோட நிப்பாட்டினவன்.

ஏலக்கா மேட்டுக்காரன்:

அண்ணே நான் இடுக்கி சைடு, கம்பம்மெட்டு பக்கம் ஏலத்தோட்டத்துல இருக்கேன். இங்கிட்டு ராமக்கல்மேட்டுல காத்தாடி இருக்கு, அந்தப் பாறை மேல நின்னு பாத்தா கீழ தேனி மாவட்டம் பூரா தெரியும், காத்து வருசம் முச்சூடும் அடிச்சுக்கிட்டேதான் கெடக்கும். அங்கயும் ஒண்ணு ரெண்டு நின்னுக்கிட்டுதான் இருக்கும். டூரிஸ்ட் வர்றவுக எல்லாம் "காத்து ஓவரானா ஆஃப் பண்ணிருவாங்க"ன்னு சொல்லிட்டுப் போறாக. எனக்கும் ஒழுங்கான பதில் வேணும், ஃபாலோ பண்றேன்.

கொழிஞ்சாம்பாறை வாத்தியார்:

நானுங்க பாலக்காடு ஜில்லால தமிழ் மீடியம் பசங்களுக்கு பிசிக்ஸ் எடுக்கறனுங்க. நிக்கறது ஏன்னு மெஷின்ல ஏறுனவங்க யாராச்சும் வந்து சொல்லட்டும், நான் காத்துக் கணக்க மட்டும் சொல்லிடறேன்.

மொதல்ல இந்த எடத்துல ஏன் இந்தக் காத்துன்னு பாத்தீங்கன்னா, ஜூன் மாசம் அரபிக்கடல்ல இருந்து வர்ற தென்மேற்கு காத்து மேற்குத்தொடர்ச்சி மலைல வந்து முட்டுதுங்க. மலை ஆயிரம், ரெண்டாயிரம் மீட்டர்னு நிக்குது, எல்லாக் காத்தும் மேல ஏறித் தாண்ட முடியாது, அப்ப எங்க சந்து கெடைக்குதோ அங்க பூந்து வருது. எங்க பாலக்காட்டு கணவாய் நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவுல முப்பது கிலோமீட்டருக்கு மேல அகலம், உங்களுக்கு ஆரியங்காவு, நாகர்கோவில்காரங்களுக்கு ஆரல்வாய்மொழி, தேனிக்காரங்களுக்கு கம்பம் பள்ளத்தாக்கு. தமிழ்நாட்டுல காத்தாடி இருக்கற எடத்தையெல்லாம் மேப்ல குறிச்சுப் பாருங்க, பெரும்பாலும் ஏதாவது ஒரு கணவாய்க்கு நேர் கெழக்கதான் இருக்கும். கெழக்க வெயில்ல காஞ்ச பூமி வேற, அங்க சூடான காத்து மேல போகப் போக மேக்க இருந்து இன்னும் இழுக்குது, அதனால மத்தியானத்துக்கு மேல காத்து இன்னும் கூடும்.

அடுத்தது கரண்டு. பெரிய காத்தாடி ஒண்ணுக்கு றெக்கை சுத்தற வட்டம் 110 மீட்டர் அகலம்னு வைங்க, அந்த வட்டத்தோட பரப்பு ரெண்டே கால் ஏக்கருக்கு மேல வரும். காத்துக்கு எடை இல்லைன்னுதானே நெனைக்கறோம், ஒரு கன மீட்டர் காத்து 1.2 கிலோ இருக்குதுங்க. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்துல அடிச்சா அந்த ரெண்டே கால் ஏக்கர் வட்டத்துக்குள்ள ஒரே ஒரு செகண்டுல நூறு டன்னுக்கு மேல காத்து பூந்து போகுது. இப்ப சொல்லுங்க, கரண்டு எங்கேந்து வரும்னு கேப்பீங்களா?

இதுல ரொம்ப முக்கியமான சங்கதி ஒண்ணு இருக்குது. காத்து வேகம் ரெண்டு மடங்கானா பவர் ரெண்டு மடங்கு ஆகாது, எட்டு மடங்கு ஆகும். வேகம் கூடுனா ஒவ்வொரு கிலோ காத்துலயும் இருக்கற சக்தி நாலு மடங்கு, அதே செகண்டுல உள்ள வர்ற காத்தும் ரெண்டு மடங்கு, ரெண்டையும் பெருக்குனா எட்டு. மணிக்கு 36ல அந்த மெஷின் ரெண்டு மெகாவாட் பக்கம் குடுக்கும்னா 18ல முன்னூறு கிலோவாட் கூட தேறாது. அதனாலதான் கணவாய் கணவாயா தேடிப் போய் வைக்கறாங்க, கொஞ்சம் காத்து கொறைஞ்சாலும் வியாபாரம் படுத்துடும்.

அந்த நூறு டன் காத்துல இருக்கற மொத்த சக்தியையும் உருவ முடியுமான்னா முடியாதுங்க. உங்க ஊர் செக்போஸ்ட்டயே எடுத்துக்கோங்க, வர்ற லாரி எல்லாத்தையும் மறிச்சு நிப்பாட்டி முழுசா சோதனை போட்டா என்னாகும், பின்னாடி வர்ற லாரி க்யூவப் பாத்துட்டு வேற ரோட்டுல திருப்பிட்டுப் போயிடும், அப்பறம் சோதனை போட லாரியே இருக்காது. காத்தும் அப்படித்தான், றெக்கைக்குப் பின்னாடி காத்து நகந்து போனாத்தான் முன்னாடி புதுக் காத்து வரும், முழு சக்தியையும் புடுங்குனா காத்து அங்கயே நின்னு அடுத்து வர்றது சுத்திப் போயிடும். ஆல்பர்ட் பெட்ஸ்னு ஒரு ஜெர்மன்காரர் நூறு வருசத்துக்கு முன்னாடியே கணக்கு போட்டு நூத்துக்கு 59.3 தான் உச்சம்னு சொல்லிட்டாரு. நல்ல மெஷின் நாப்பது, நாப்பத்தஞ்சு வரைக்கும் எடுக்கும். றெக்கை மூணு மட்டும்தானே இருக்குது, நடுவுல எல்லாம் காலியாத்தானே இருக்குது, காத்து வீணாப் போகுதேன்னு பசங்க கேப்பானுங்க, அந்த காலி எடம் இருக்கறதாலதான் காத்தே உள்ள வருது.

நட்டுபோல்ட்:

நான் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காத்தாடி மெயின்டனன்ஸ்ல பல வருசம் கெடந்தவன். இப்போ முட்டி ஒத்துக்கல, ஏறுகது இல்ல. வாத்தியாரு சொன்னது அத்தனையும் சரி, நான் மெஷின் பக்கம் சொல்லுகேன்.

மொதல்ல அந்த மெதுவா சுத்துற கதை. மக்கா, அது மெதுவு இல்ல. 110 மீட்டர் வட்டம்னா றெக்கை நுனி ஒரு சுத்துக்கு 345 மீட்டர் போகணும், நிமிசத்துக்கு பதினஞ்சு சுத்துன்னா நாலு செகண்டுல ஒரு சுத்து, கணக்கு பாத்தா நுனி மணிக்கு 310 கிலோமீட்டர் வேகத்துல போய்க்கிட்டு இருக்கு. தூரத்துல நின்னு பாக்கதுனால தெரியல. கீழ நின்னா விசுக்கு விசுக்குன்னு சத்தம் கேக்கும் பாரு, அது அந்த நுனிதான். இதுக்கு மேல வேகம் போனா சத்தம் தாங்காது, மழைத்துளியும் மணலும் பட்டு பட்டு றெக்கையோட ஓரம் அரிச்சுப் போகும், அதான் வட்டம் பெருசாக ஆக சுத்து கொறைஞ்சுக்கிட்டே வரும். பழைய 225, 250 கிலோவாட் சின்ன மெஷின் நிமிசத்துக்கு நாப்பது பக்கம் சுத்தும்.

இந்த பதினஞ்சு சுத்த வச்சு ஜெனரேட்டர் ஓடாது, அதுக்கு ஆயிரத்து ஐநூறு வேணும். நடுவுல கியர்பாக்ஸ் ஒண்ணு இருக்கு, பதினஞ்ச ஆயிரத்து ஐநூறு ஆக்கும். மேல பஸ் மாதிரி ஒரு பெட்டி தெரியும்லா, அதுக்குள்ளதான் இதெல்லாம். வர்ற கரண்டு 690 வோல்ட், கீழ டிரான்ஸ்பார்மர்ல ஏத்தி லைனுக்கு அனுப்புவோம். கியர்பாக்ஸே இல்லாத மெஷினும் இருக்கு, அதுல ஜெனரேட்டரே ராட்சச சைஸ்ல இருக்கும்.

இனி நிக்கதுக்கு வருவோம். காத்து ஓவரானா நிப்பாட்டுவாங்கன்னு எல்லாரும் சொல்லுவான், அது உண்மைதான், ஆனா எப்போன்னா மணிக்கு 90 கிலோமீட்டர் கிட்ட வரும்போ. நம்ம சைடு ஆடிக் காத்துல கூட நெறைய மெஷின் அந்த அளவை எட்டிப் பாக்கதே அபூர்வம். அதுனால நீ ரோட்டுல போகும்போ நிக்க காத்தாடி அதுக்காக நிக்கல.

பெரிய காரணம் ரெண்டு. ஒண்ணு லைன். பழைய மெஷின்ல உள்ளது இண்டக்சன் ஜெனரேட்டர், அதுக்கு உள்ள காந்தம் உண்டாக்க கிரிட்டுலேர்ந்து, அதாவது ஊர் பூரா ஓடுற ஈபி லைன்லேர்ந்து கரண்டு வேணும். லைன்ல சப்ளை போச்சுன்னா காத்து எம்புட்டு அடிச்சாலும் அதால தனியா கரண்டு எடுக்க முடியாது. அது மட்டுமில்ல, லோடு இல்லாம போனா றெக்கை கட்டுக்கடங்காம வேகம் எடுக்கும், பார்ட்ஸ் எல்லாம் பிச்சுக்கிட்டு போகும், அதுனால கிரிட் போன உடனே தானா பிரேக் போட்டு நின்னுரும். பக்கத்துல உள்ளது சுத்துது இது நிக்குதுன்னா ரெண்டும் வேற வேற பீடர்ல, அதாவது சப்ஸ்டேசன்லேர்ந்து பிரியுற வேற வேற லைன்ல இருக்கலாம். புரிஞ்சுதா, ஊர்ல கரண்டு போனா காத்தாடியும் நிக்கும். உங்க மச்சான் கேட்ட கதை இதுலேர்ந்து கெளம்புனதுதான். ஈபி கரண்டு அதுக்கு வேணும், காந்தத்துக்கு வேணும், தலைய காத்துப் பக்கம் திருப்புற மோட்டாருக்கு வேணும், கம்ப்யூட்டருக்கு வேணும், ஆனா அது குடிக்கதுக்கும் குடுக்கதுக்கும் சம்பந்தமே கெடையாது, சீசன்ல அது குடுக்கதுதான் மலை போல. இன்கம்டாக்ஸ் விசயத்துல மச்சான் பாதி சரி. 90கள்ல வெலை முழுசையும் மொத வருசமே தேய்மானம்னு காட்டி வரிய கொறைச்சுக்கலாம்னு சலுகை இருந்துச்சு, அத நம்பி காத்தே இல்லாத எடத்துல கூட நட்டு வச்சவன் உண்டு. அதுல சிலது இன்னைக்கும் நிக்கும், பார்ட்ஸ் செய்த கம்பெனியே இல்லாம போச்சு.

ரெண்டாவது காரணத்தை நாங்க பேக்டவுன்னு சொல்லுவோம். கரண்ட குடத்துல பிடிச்சு வைக்க முடியாது, உண்டாக்குற நிமிசமே செலவாகணும். ரெண்டும் ஒத்துப் போகுதான்னு பாக்கதுக்குத்தான் 50 ஹெர்ட்ஸ் கணக்கு, அதாவது கரண்டு செகண்டுக்கு அம்பது தடவை அலை மாதிரி ஏறி எறங்கணும், நம்ம நாட்டுல 49.90லேர்ந்து 50.05க்குள்ள வச்சிருக்கணும். சீசன்ல ராத்திரி காத்து பேயாட்டம் அடிக்கும், மழை வேற பெய்து ஊர்ல ஏசி ஃபேன் பம்ப்செட் எல்லாம் ஆஃப்பு, நிலக்கரி ஸ்டேசனயும் டக்குன்னு அணைச்சு டக்குன்னு பத்த வைக்க முடியாது. அப்போ ஈபிலேர்ந்து போன் வரும், இத்தனை மெகாவாட் கொறைன்னு. நல்லா ஓடிக்கிட்டு இருக்க மெஷின நிப்பாட்டணும். வயிறெரியும், என்ன செய்ய.

இது போக சில்லறைக் காரணம் கெடக்கு. மெஷின் காத்து வாற தெசைக்கு தலைய திருப்பிக்கிட்டே இருக்கும், ஒரே பக்கமா திரும்பித் திரும்பி டவருக்குள்ள தொங்குற கேபிள் முறுக்கிக்கும், ஒரு அளவுக்கு மேல போனா தானா நின்னு தலைய எதிர்ப்பக்கம் சுத்தி முறுக்க எடுத்துட்டு திரும்ப ஓடும். நீ டீ குடிச்சுட்டு வாறதுக்குள்ள ஓட ஆரம்பிச்சிருச்சுன்னா அது இதுதான். பின்ன ஏதாவது சென்சார் எரர். பெரிய ரிப்பேருன்னா அதோட கதி அதோகதி, ஏன்னா றெக்கையோ கியர்பாக்ஸோ எறக்கணும்னா கிரேன் வேணும், காத்து அடிக்கும்போ கிரேன்ல தொங்க விட முடியாது. ஆடில கெட்டா ஐப்பசி வரை நிக்க வேண்டியதுதான், சம்பாதிக்க வேண்டிய மாசம் பூரா போச்சு. அதுனாலதான் சர்வீஸ் எல்லாம் காத்து இல்லாத மாசத்துலயே முடிச்சிருவோம்.

பைக்க ஓரங்கட்டிட்டு நிக்க மெஷினோட றெக்கைய நல்லா பாரு. பழசுன்னா நுனி ஒரு ஒன்றரை ரெண்டு மீட்டர் மட்டும் தனியா குறுக்க திரும்பி இருக்கும், ஒடஞ்சு போச்சுன்னு நெனைப்பான், அது டிப் பிரேக்கு, நுனிய திருப்பி றெக்கைய நிப்பாட்டுறது. புதுசுன்னா முழு றெக்கையும் தன்னோட அச்சுல திரும்பி கத்தி மாதிரி ஓரத்த காத்துக்கு காட்டிக்கிட்டு நிக்கும். அதுலயும் முழுசா லாக் பண்ணாம லேசா அசைய விட்டிருப்போம், ஒரே எடத்துல நின்னா பேரிங்குக்கு கேடு.

வரப்பு மேட்டுல:

எல்லாம் சரி தம்பி, பெருசா படிச்சவங்க பேசுதீங்க. நான் பாவூர்சத்திரம் பக்கம் வெவசாயம். மழைய பத்தி யாரும் வாய தெறக்கல. காத்தாடி வந்த பொறவு மேகம் வருது, வந்து நிக்காம கலைஞ்சு போவுது, நான் கண்ணால பாக்கேன். எங்க பக்கம் பத்து பேருட்ட கேளுங்க, பத்து பேரும் இதத்தான் சொல்லுவான்.

கொழிஞ்சாம்பாறை வாத்தியார்:

ஐயா, எங்க பக்கமும் இதே பேச்சு உண்டுங்க, நீங்க கேட்டதுல தப்பே இல்ல. ஆனா ரெண்டு விசயம் யோசிச்சுப் பாருங்க. உங்க ஊருக்கு நல்ல மழை எப்ப? ஐப்பசி, கார்த்திகை, வடகிழக்குப் பருவம். அந்த மாசத்துல காத்தாடி ஓடுதுங்களா? பாதி நாள் காத்தே இல்லாம தூங்கும், நட்டுபோல்ட் அண்ணனே சொன்னாரு, சர்வீஸ் பண்ற மாசம் அது. ஓடாத காத்தாடி மழைய எப்படி வெரட்டும்? அது ஓடற ஆனி ஆடில, மேகம் கேரளா பக்கம் மலைல ஏறும்போதே மழையக் கொட்டிட்டு, மிச்சம்தான் உங்களுக்கு குத்தாலச் சாரலா வருது. மலை எறங்குற காத்து சூடாகி மேகம் கலையறது காத்தாடி வர்றதுக்கு முன்னாடி காலத்துல இருந்தே நடக்கறதுதான்.

அப்பறம் உயரம். காத்தாடி நுனி உச்சில நூத்தம்பது மீட்டர் சொச்சம், உங்க ஊர் மேக்க நிக்கற மலையே ஆயிரம் மீட்டருக்கு மேல. மழை மேகம் அதுக்கும் மேல பல கிலோமீட்டர் வரைக்கும் நிக்கும். இன்னொண்ணு, காத்து ஜாஸ்தி, மழை கம்மி, நெலம் வெலை கம்மி, இப்படி எடமாப் பாத்துத்தானே காத்தாடி கொண்டாந்து வச்சாங்க. அதனால காத்தாடி இருக்கற எடத்துல மழை கொறைவாத் தெரியறது ஆச்சரியமில்லீங்க.

ஆனா ஒண்ணுமே மாறாதுன்னும் சொல்ல மாட்டேன். ராத்திரில தரை பக்கத்துல குளுந்த காத்தும் கொஞ்சம் மேல வெதுவெதுப்பான காத்தும் அடுக்கடுக்கா நிக்கும், றெக்கை அதைக் கலக்கி விடும், காத்தாடி நெறைய இருக்கற எடத்துல ராத்திரி தரை சூடு கொஞ்சம் கூடறத வெளிநாட்டுல அளந்திருக்காங்க.

வரப்பு மேட்டுல:

ஐப்பசி கணக்கு நீங்க சொன்னது யோசிக்க வேண்டிய விசயந்தான், அத ஒத்துக்கிடுதேன். ஆனா மேகம் கலையுறத நான் பாக்கது பாத்ததுதான். அதவிட கிரேன் கொண்டு போக ஓடைய மறிச்சு ரோடு போட்டான், இப்போ குளத்துக்கு தண்ணி வாறது இல்ல, அதுக்கு எந்த பிசிக்ஸும் வேண்டாம், நேர்ல வந்து பாருங்க.

நட்டுபோல்ட்:

அண்ணாச்சி அத மறுக்க முடியாது. ரோடு போடும்போ தண்ணி போக கல்வெர்ட் வைக்காம மண்ண நெரவிட்டுப் போனத நானே பாத்திருக்கேன். மேகத்துக்கு சண்டை போடுகத விட்டுட்டு அதுக்கு மனு குடுங்க, அது ஞாயம்.

புளியரை செக்போஸ்ட்:

அண்ணாச்சிமாரே எல்லாருக்கும் நன்றி. அந்த நுனி திரும்புன கதை இன்னைக்கு வேலைக்கு போறப்ப பாத்தேன், உள்ளதுதான், ரெண்டு மெஷின்ல அப்படி நிக்குது. மச்சானுக்கு இந்தப் பேச்ச அப்படியே அனுப்பி இருக்கேன், பதில் இன்னும் வரல. கடைசியா ஒண்ணு. இம்புட்டு காத்து வீணா போகுதே, வீட்டு மொட்டை மாடில சின்னதா ஒரு காத்தாடி வச்சா வீட்டு கரண்டு பில் மிச்சமாகாதா? ஆன்லைன்ல ரெண்டு மீட்டர் றெக்கை உள்ளது விக்கான்.

நட்டுபோல்ட்:

வாங்காதே. வாத்தியாரு சொன்ன எட்டு மடங்கு கணக்கு இங்கதான் கழுத்தறுக்கும். பெரிய மெஷின் 80, 100 மீட்டர் மேல நிக்கு, அங்க காத்து தடங்கல் இல்லாம வரும். உன் மொட்டை மாடில சுத்திலும் தென்னை, பக்கத்து வீடு, தண்ணி டாங்கி, காத்து சுழிச்சுத்தான் வரும். பைக்க தள்ளுதேன்னு தோணும், ஆனா வருசம் பூரா சராசரி பாத்தா மாடி உயரத்துல மணிக்கு பதினஞ்சு கிலோமீட்டர் கெடைச்சாலே பெருசு. ரெண்டு மீட்டர் வட்டத்துக்கு அந்தக் காத்துல முப்பது நாப்பது வாட் வரும், ஒரு சாதா சீலிங் ஃபேன் கூட ஒழுங்கா ஓடாது. விக்கவன் போட்டிருக்க ஆயிரம் வாட்டு, கணவாய் வாய்லயே கொண்டு போய் நட்டாலும் எப்பவாவது ஒரு நாள்தான். அதுக்கு மேல அதோட அதிர்வு சுவர்ல எறங்கும், ராத்திரி தூங்க முடியாது.

அந்த காச சோலார்ல போடு. மத்திய அரசு திட்டத்துல 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூவா மானியம் இருக்கு. ஆனா உங்க ஊர் காத்துக்கு பேனல் ஸ்ட்ரக்சர மட்டும் கஞ்சத்தனம் பாக்காம போடச் சொல்லு, கான்கிரீட்ல ஆங்கர் போல்ட் எறக்கி கட்டணும். சும்மா செங்கல் பாரம் வச்சுட்டுப் போனான்னா அதுவும் உன் தகரத்துக்கு பக்கத்து வயல்லதான் கெடக்கும்.